உதுமானிய ராஜதானிகள் – 3: எடிர்னே

சென்ற பகுதியில் பர்ஸா நகரத்தின் பட்டுச் சந்தைகளையும் ஓர்ஹானின் கல்லறையையும் கண்டு நாம் விடைபெற்றபோது, உதுமானியர் அனத்தோலியாவின் வடமேற்கு மூலையில் ஆண்ட பல சிற்றரச வம்சங்களுள் ஒன்றாகவே இருந்தனர். 1354-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கல்லிப்போலிக் கோட்டையின் மதில்களைப் பூகம்பம் சரித்துவிட, அருகே பாளையமிறங்கியிருந்த ஓர்ஹானின் மகன் சுலைமான் பாஷா அந்தச் சந்தர்ப்பத்தை நழுவவிடாமல் உள்ளே புகுந்து தம் குடிகளையும் அங்கே அமர்த்தினார். ஐரோப்பிய மண்ணில் அவர்களுடைய வாழ்வு அவ்வாறு தொடங்கிற்று. 1360-களில், முதலாம் முராத் காலத்தில், திரேஸ் பிரதேசத்தின் பெருநகரமாகிய அட்ரியானோபிள் அவர்கள் கைவசமாயிற்று. அன்று முதல் 1453-ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள், எடிர்னே என்று அவர்கள் வழங்கிய அந்நகரத்தில் நிகழ்ந்தவற்றைச் சரித்திர நூல்கள் பல, பர்ஸாவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் இடையே நேர்ந்த ஓர் இடைத்தங்கல் போல எழுதிக் கடந்துவிடுகின்றன. அந்தக் கணிப்பை நான் ஏற்பதில்லை. பர்ஸாவில் ஒரு குலம் ராஜ்யமாயிற்று. இஸ்தான்புல்லில் அது தன் ஐசுவரியத்தை உலகறியக் காட்டிற்று. ஆனால் பல பாஷைகளும் பல மதங்களும் உடைய ஜனங்களை ஒரு குடைக்கீழ் வைத்து ஆளவும், அந்த ஆட்சிக்குத் தக்க மாளிகைகளைச் சமைக்கவும் அது பயின்றுகொண்ட இடம் எடிர்னேதான்.

இஸ்தான்புல்லிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறினால், சூரியகாந்தி வயல்கள் இருபுறமும் விரிந்து கிடக்கும் சமவெளியினூடே ஏறக்குறைய 240 கிலோமீட்டர் கடந்து, முற்பகலுக்குள் அந்நகரத்தை அடைந்துவிடலாம். பொழுது சாய்ந்தபின் அதே வழியில் திரும்பியும் விடலாம். மெரிச், துன்ஜா, அர்தா என்னும் மூன்று நதிகள் கூடும் இடத்தில், பெல்கிரேடிலிருந்து கான்ஸ்டாண்டினோபிளுக்குச் சென்ற ரோமானியரின் சைனியப் பாதையின்மீது, ஹாட்ரியன் சக்கரவர்த்தி இரண்டாம் நூற்றாண்டில் தம் பெயரால் இந்நகரத்தைப் புதுக்கி நிறுவினார். நீரும் பாதையும் ஒருங்கே வாய்த்த ஊருக்குச் செல்வமும் வரும், சேனைகளும் வரும் என்பதற்கு இதைவிடத் தக்க திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. 378-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி ஃப்ரிடிகெர்ன் என்பவனுடைய தலைமையில் வந்த காத்தியர் இந்நகரின் புறவெளியில் ரோமானியச் சைனியத்தைச் சிதறடித்து, வாலென்ஸ் சக்கரவர்த்தியையே மாய்த்தனர். 1205-இல் பல்கேரிய அரசன் கலோயான், கான்ஸ்டாண்டினோபிளைக் கவர்ந்திருந்த லத்தீன் சக்கரவர்த்தி பால்ட்வினை இங்கேயே சிறைப்பிடித்தான். ஐரோப்பாவிலிருந்து கான்ஸ்டாண்டினோபிளை நோக்கிச் செல்லும் எவரும் இந்த வாசலைக் கடந்தே ஆகவேண்டும். துருக்கியர் இதை முதலில் பிடித்து அதன்பின் நெடுங்காலம் பொறுத்திருந்ததன் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

பஸ் நிலையத்திலிருந்து ஊருக்குள் வந்தால், சில நிமிஷ நடையில் மூன்று பெரிய பள்ளிவாசல்களையும் சுற்றி வந்துவிடலாம். அவற்றை வயது வரிசையில் காண்பதே உசிதம் என்று நினைக்கிறேன். முதலாவது ‘எஸ்கி ஜாமி’ என்னும் பழைய பள்ளிவாசல். 1402-இல் அங்காராவில் தைமூரிடம் தோற்றுச் சுல்தான் பாயஜீத் சிறைப்பட்டபின், அவருடைய புத்திரர்கள் பதினோரு ஆண்டுகள் ஒருவரையொருவர் அழிக்கப் போரிட்டனர் அல்லவா? அவர்களுள் எடிர்னேயில் கொலுவிருந்த சுலைமான் சேலேபி 1403-இல் இதைத் தொடங்கினார். சகோதரர்களை எல்லாம் வென்று எஞ்சிய முதலாம் முகம்மது 1414-இல் முடித்தார். நான்கு பருத்த தூண்கள் தாங்கும் ஒன்பது கும்மட்டங்கள். உட்சுவர்களில் ஆள் உயரத்தை மிஞ்சிய கரிய எழுத்துக்களில் அல்லாஹ்வின் திருநாமமும் நபிகளின் பெயரும். சமமான ஒன்பது கட்டங்களாகத் தளத்தைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு சிறு கும்மட்டத்தால் மூடுவது பர்ஸாவின் பெரிய பள்ளிவாசலில் கையாண்ட முறையின் தொடர்ச்சிதான். தூணுக்குப் பின்னால் நின்று தொழுபவருக்கு இமாம் தெரியமாட்டார். ராஜ்யம் சிதறிக் கிடந்த காலத்தில் எழுந்த அந்தக் கட்டடத்தில் துணிவைக் காட்டிலும் ஜாக்கிரதையே மேலோங்கியிருக்கிறது.

அடுத்து, வீதியைக் கடந்தால், இரண்டாம் முராத் 1438-க்கும் 1447-க்கும் இடையே எழுப்பிய ‘உச் ஷெரெஃபெலி’ பள்ளிவாசல். இங்கே கலைஞனின் மனம் முற்றிலும் மாறிவிட்டது. சிறு கும்மட்டங்களின் வரிசையை விலக்கிவிட்டு, 24 மீட்டர் குறுக்களவுள்ள ஒரே பெருங்கும்மட்டத்தை நடுவில் தூக்கி நிறுத்தத் துணிந்திருக்கிறான்; அதன் பாரம் ஆறு முனைகளில் இறங்குகிறது; அவற்றுள் இரண்டே தனித்தூண்கள். அதற்கு முன் உதுமானியர் கட்டியவற்றில் இத்தனை பெரிய கும்மட்டம் இல்லை. பள்ளிவாசலுக்கு முன்னே, நான்கு புறமும் தாழ்வாரம் ஓடும் முற்றமும் நடுவில் ஒளுச் செய்யும் நீர்த்துறையும் வைக்கும் முறை உதுமானியரிடம் இங்கேதான் உருவெடுத்தது. நான்கு மினாராக்களும் நான்கு விதமாக, ஒன்று முறுக்கியும், ஒன்று சாய்சதுரக் கட்டமிட்டும், ஒன்று வரியோடியும், நிற்கின்றன. மிக உயர்ந்ததாகிய மூன்று மாடங்கள் கொண்ட மினாராவினுள் ஒன்றையொன்று சந்திக்காமல் சுற்றி ஏறும் மூன்று படிவழிகள் உண்டு. மூன்று மோதினார்கள் ஒரே சமயத்தில் ஏறினாலும் ஒருவரையொருவர் பாராமலே தத்தம் மாடத்தை அடைந்து பாங்கு சொல்லலாம். இஸ்தான்புல்லின் சுலைமானியாவைக் கண்டு வியப்பவர்கள், அதற்கு ஒரு நூற்றாண்டு முந்திய இந்த முற்றத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். பின்னால் வந்த மகத்துவத்தின் அஸ்திவாரம் அத்தனையும் இங்கே கிடக்கிறது.

இந்தப் பள்ளிவாசலின் கல்வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் இதே ஊரில் ஒரு சிறுவன் வளர்ந்தான். 1432 மார்ச் 30-இல் எடிர்னேயில் பிறந்த இரண்டாம் முகம்மது பன்னிரண்டு வயதில் ஒருமுறை தந்தையால் அரியணையில் அமர்த்தப்பட்டு, ஜானிஸரி வீரர்களின் கலகத்தால் 1446-இல் இறக்கப்பட்டவன். 1451 பிப்ரவரியில் முராத் இங்கே காலமானதும், மனீஸாவிலிருந்து விரைந்து வந்து மறுபடியும் அரியணை ஏறியபோது அவனுக்கு வயது 19 நிரம்பவில்லை. கான்ஸ்டாண்டினோபிளின் மதில்களை உடைக்கவல்ல பீரங்கியை வார்த்துத் தருவதாகச் சொன்ன ஊர்பான் என்னும் ஹங்கேரியக் கன்னானுக்கு வேண்டிய வெண்கலமும் ஆட்களும் எடிர்னேயில் அளிக்கப்பட்டன. பீரங்கியைச் சோதித்த தினத்துக்கு முன்பே, இடியோசை கேட்டுக் கர்ப்பிணிகள் அதிர்ந்துவிடலாகாது என்று நகரில் முன்னறிவிப்புச் செய்ததாகக் கிரேக்கச் சரித்திராசிரியர் டூக்காஸ் எழுதியிருக்கிறார். 1453-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது 60 எருதுகள் இழுக்க, பாதையைச் சமன்செய்யவும் பாலம் போடவும் தச்சர்கள் முன்னே செல்ல, கிழக்கு நோக்கி ஊர்ந்தது. மே 29-இல் கான்ஸ்டாண்டினோபிள் வீழ்ந்தது. அந்த யுத்தம் அடுத்த பகுதிக்குரியது.

ராஜதானி போனபின்னும் எடிர்னேயின் கீர்த்தி போய்விடவில்லை. ஐரோப்பியப் படையெடுப்புகள் யாவும் இங்கிருந்தே புறப்பட்டன. குளிர்காலங்களையும் வேட்டைப் பருவங்களையும் சுல்தான்கள் இங்கே கழித்தனர். ஆகவேதான் இரண்டாம் சலீம் தம் பெயரால் ஒரு பள்ளிவாசல் எழுப்ப விரும்பியபோது இஸ்தான்புல்லை விட்டு இவ்வூரைத் தேர்ந்துகொண்டார் போலும். ஸைப்ரஸ் யுத்தத்தில் கிடைத்த செல்வம் செலவுக்கு உதவிற்று. 1568-இல் தொடங்கிய அந்தப் பணியை மேற்கொண்ட தலைமைச் சிற்பி ஸினான் அப்போது எண்பது வயதை நெருங்கியிருந்தார். இஸ்தான்புல்லின் ஷெஹ்ஸாதே பள்ளிவாசலைத் தாம் மாணாக்கனாக இருந்து செய்ததென்றும், சுலைமானியாவைக் கைதேர்ந்த வேலைக்காரனாக இருந்து செய்ததென்றும், எடிர்னேயின் ஸலீமியாவையே ஆசானாக இருந்து செய்ததென்றும் அந்த முதியவர் மதிப்பிட்டார்.

உள்ளே காலெடுத்து வைத்த கணத்தில் அந்த மதிப்பீடு விளங்கிவிடுகிறது. 31 மீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவுடைய கும்மட்டம் எட்டுத் தூண்களின்மேல் நிற்கிறது. அத்தூண்களை நடுவில் நிறுத்தாமல் சுவரோரமாக ஒதுக்கிவிட்டதால், தொழுகைத் தளம் முழுவதும் தடையற்ற ஒரே வெளியாக விரிகிறது. எந்த மூலையில் நின்றாலும், தொழும் திசையைக் காட்டும் மாடமாகிய மிஹ்ராப் தெரிகிறது. எந்தப் பக்கம் நோக்கினாலும் சாளரங்களின் வழியே வரும் ஒளி, கல்லின் கனத்தை மறக்கச் செய்கிறது. ஒன்பது கும்மட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து ஆறு முனைக்கும், ஆறிலிருந்து இந்த எட்டுக்கும் சிந்தனை ஏறிவந்த பாதையை நூற்றெழுபது ஆண்டு இடைவெளியில், ஆனால் ஒரே முற்பகல் நடையில், கண்ணால் கண்டு தொடர்வதற்கு இந்நகரத்தைப் போல வேறோர் இடம் உதுமானிய உலகில் இல்லை. ஆயா சோஃபியாவின் கும்மட்டத்துக்கு நிகராக முஸ்லிம்களால் கட்ட முடியாது என்று பேசியவர்களுக்கு இதுவே தம் பதில் என்று ஸினான் தம் சரிதையை எழுதியவரிடம் பெருமிதத்துடன் சொல்லியிருக்கிறார். உயரத்தில் ஆயா சோஃபியாவே மேலானது. எனினும் பாரம் எங்கே இறங்குகிறதென்பதைக் கண்ணுக்கு மறைக்காமல், அதே சமயத்தில் கண்ணை உறுத்தாமலும் காட்டிய நேர்மையில் ஸலீமியாவுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

நடுவில் மோதினாருக்கான மேடை. அதன் கீழே ஒரு சிறு நீரூற்று. மேடையைத் தாங்கும் பளிங்குக் கால் ஒன்றில் தலைகீழாகச் செதுக்கிய ஒரு துலிப் மலர். அந்த நிலம் ஒரு காலத்தில் துலிப் தோட்டமாக இருந்ததென்றும், விற்க இணங்காது பிடிவாதம் செய்த உடைமைக்காரரின் நினைவாகச் சிற்பி அதைக் கவிழ்த்து வைத்தாரென்றும் ஊரார் சொல்லும் கர்ணபரம்பரைக் கதை உண்டு. வெளியே, 70 மீட்டருக்கு மேல் உயர்ந்த நான்கு மினாராக்கள் கும்மட்டத்தை நான்கு மூலைகளிலும் நெருங்கி நின்று, சமவெளியில் வரும் பிரயாணிக்கு வெகுதூரத்திலேயே திசை காட்டுகின்றன. சலீமுக்கு இங்கே தொழும் பாக்கியம் கிட்டவில்லை. அவர் 1574 டிசம்பரில் காலமானார். 1575 மார்ச்சில்தான் முதல் ஜும்ஆ தொழுகை நடந்தது. யுனெஸ்கோ இதனை 2011-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

நடுப்பகலில், மெல்லிய இதழ்களாகச் சீவி மாவில் புரட்டிப் பொரித்த ஈரலை, எண்ணெயில் வாட்டிய வற்றல் மிளகாயுடன் உண்பது இவ்வூர் வழக்கம். மிளகாய்க்குப் பழகிய நம் நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

பிற்பகலைத் துன்ஜா நதியின் அக்கரைக்கு ஒதுக்கவேண்டும். பழைய கற்பாலத்தைக் கடந்து சென்றால், புல்வெளியின் நடுவே ஏராளமான சிறு கும்மட்டங்களுடன் இரண்டாம் பாயஜீத் 1484-இல் தொடங்கி 1488-இல் முடித்த தர்ம ஸ்தாபனம் காட்சி தருகிறது. பள்ளிவாசல், ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடம், வைத்தியக் கல்லூரி, ஆஸ்பத்திரி ஆகிய யாவும் வக்ஃபுச் சொத்துக்களின் வருவாயில் நடந்தன. சித்தம் கலங்கியவர்களைப் பேய் பிடித்தவர்களென்று பல தேசங்களில் சங்கிலியிட்டும் சவுக்கால் அடித்தும் வந்த காலத்தில், இங்கே அவர்களை நோயாளிகளாகக் கருதி இதத்துடன் பேணினர். அந்த மண்டபத்தின் அமைப்பே ஓர் ஔஷதம். ஆறு பக்கமுள்ள கூடத்தின் நடுவில் ஒரு நீரூற்று, சுற்றிலும் நோயாளர் அறைகள், மேலே கும்மட்டம், நீர் விழும் ஓசை எந்த அறைக்கும் குறையாமல் கேட்கும்படி கல் அடுக்கப்பட்டிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே வந்த யாத்திரிகர் எவ்லியா சேலேபி, பாடகரும் வாத்தியக்காரருமாகப் பத்துப்பேர் நியமிக்கப்பட்டு வாரத்தில் மூன்று நாட்கள் நோயாளிகளுக்கு இசை வழங்கியதையும், வசந்த காலத்தில் நறுமண மலர்களைக் கொடுத்து முகரச் செய்ததையும், பறவை மாமிசத்தில் பத்திய உணவு சமைத்ததையும் விவரித்திருக்கிறார். மகாம் எனப்படும் துருக்கியப் பண்கள் ஒவ்வொன்றுக்கும் மனத்தின் ஒரு நிலையைத் திருத்தும் குணம் உண்டென்பது அக்கால வைத்தியரின் கொள்கை. இன்று அந்த ஆஸ்பத்திரி திரேஸ் சர்வகலாசாலையின் மேற்பார்வையில் வைத்தியப் பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. 2004-இல் ஐரோப்பியக் கவுன்சிலின் பொருட்காட்சிசாலைப் பரிசையும் பெற்றது. ஸலீமியாவைப் பார்த்த கையோடு பஸ் நிலையத்துக்குத் திரும்பிவிடும் யாத்திரிகர்கள் இழப்பது எத்தனை பெரியது என்று இந்த மண்டபத்தில் நிற்கும்போதுதான் தெரிகிறது. யுத்தத்தால் வளர்ந்த ஒரு ராஜ்யத்தின் இதயத்தில் எவ்வளவு கருணை இருந்ததென்பதற்கு இதனினும் மேலான சாட்சியத்தை நான் அறியேன்.

அங்கிருந்து நதியோரமாகக் கிழக்கே சென்றால் சராய்இச்சி என்னும் தீவு போன்ற புல்வெளி. இரண்டாம் முராத் 1450-இல் தொடங்கி அவர் மகன் விரிவாக்கிய அரண்மனை ஒரு காலத்தில் இங்கே பரந்து கிடந்தது. நான்காம் முகம்மது, ‘வேட்டைக்காரர்’ என்றே பெயர் வாங்கியவர், தம் ஆட்சியின் பெரும்பகுதியை இங்கே கழித்தார். 1675-இல் தம் புத்திரர்களின் சுன்னத்தையும் புத்திரியின் விவாகத்தையும் வாரக்கணக்கில் நடந்த பெருவிழாவாக இங்கே கொண்டாடினார்; 1683-இல் வியன்னாவை நோக்கிச் சென்ற சைனியமும் இவ்வெளியிலிருந்தே புறப்பட்டது. சுல்தான் எடிர்னேயிலேயே தங்கிவிட்டதால் வருவாயும் செல்வாக்கும் இழந்த இஸ்தான்புல்வாசிகளின் மனக்கசப்பு 1703-இல் கலகமாக வெடித்து, இரண்டாம் முஸ்தபாவின் அரியணையையும் தலைமை மார்க்க அதிகாரியாகிய ஷைகுல் இஸ்லாம் ஃபைஸுல்லாவின் உயிரையும் கொண்டுபோயிற்று. அன்றோடு நகரத்தின் அதிர்ஷ்டம் சாயத் தொடங்கிற்று எனலாம். ஆயினும் 1717-இல் யுத்த நிமித்தமாகச் சுல்தான் மீண்டும் இங்கே தங்கியிருந்தபோது வந்த ஆங்கிலேயத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு, கிழவிகள் கொட்டையோட்டில் அம்மைப்பால் கொண்டுவந்து ஊசியால் கீறிக் குழந்தைகளுக்கு ஏற்றும் வழக்கத்தைக் கண்டு தம் தோழிக்கு எழுதிய கடிதம், பின்னர் இங்கிலாந்தில் அம்மை குத்தும் முறை பரவ வித்தாயிற்று.

அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது அற்பம். 1877–78 யுத்தத்தில் ருஷியர் நெருங்கியபோது, அங்கே சேமித்திருந்த வெடிமருந்து அவர்கள் கையில் சிக்கலாகாதென்று உதுமானிய அதிகாரிகளே தீயிட்டனர். நானூறாண்டு மாளிகை சில தினங்களில் இடிபாடாயிற்று. மகா சுலைமானின் காலத்து நீதி மாளிகை ஒன்று மாத்திரம் சதுரமான கோபுரமாகத் தப்பி நிற்கிறது. அதன் முன்னே இரண்டு கற்கள்: ஒன்றின்மேல் குடிகள் தம் விண்ணப்பங்களை வைப்பர், மற்றொன்றின்மேல் தண்டிக்கப்பட்டவரின் தலையைக் காட்சிக்கு வைப்பர்.

ஆண்டுதோறும் கோடையில் இதே புல்வெளியில், தோல் கால்சட்டை அணிந்து உடலெங்கும் ஆலிவ் எண்ணெய் பூசிய மல்லர்கள் முரசும் ஸுர்னாவும் முழங்கப் பிடிபோடும் ‘கிர்க்பினார்’ மல்யுத்தம் நடைபெறுகிறது. சுலைமான் பாஷாவின் வீரர் நாற்பதுபேருள் இருவர் விடியும்வரை மல்லாடி ஒருசேர மாண்டதாகவும், அவர்களைப் புதைத்த இடத்தில் நாற்பது ஊற்றுகள் தோன்றியதாகவும் அதன் ஐதிகம். ஐதிகத்துக்குரிய மூல மைதானம் பால்கன் யுத்தங்களுக்குப் பின் எல்லைக்கு அப்பால், கிரீஸுக்குப் போய்விட்டது; 1924 முதல் சராய்இச்சியே களமாயிற்று. ஆனால் அக்களத்துக்கு அதற்குச் சற்று முந்திய ஒரு துயரமும் உண்டு. 1912 நவம்பர் முதல் பல்கேரியரும் ஸெர்பியரும் இந்நகரத்தை முற்றுகையிட்டனர். நகரைக் காத்த உதுமானியத் தளபதி ஷுக்ரி பாஷா பசியையும் குளிரையும் தாங்கி ஐந்து மாதம் காத்து, 1913 மார்ச் 26-இல் சரணடைந்தார். சிறைப்பட்ட வீரர்கள் இந்தத் தீவில் உணவின்றி அடைக்கப்பட்டு, மரப்பட்டைகளைத் தின்று, ஆயிரக்கணக்கில் இறந்தனர். ஜூலையில் துருக்கியர் நகரை மீட்டனர்.

அந்த முற்றுகையின் செய்தி நம் தேசத்தையும் உலுக்கிற்று. 1912 டிசம்பரில் டாக்டர் எம். ஏ. அன்சாரியின் தலைமையில் இந்திய மருத்துவக் குழு ஒன்று காயமுற்ற துருக்கிய வீரர்களுக்குப் பணிசெய்யப் புறப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், எடிர்னேயைக் கிரேக்கர் கைப்பற்றியிருந்த காலத்தில், கிலாஃபத் இயக்கத்தின் வேகத்தைக் கண்ட வைசிராய் ரீடிங் பிரபு, அட்ரியானோபிளோடு திரேஸைத் துருக்கிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்று லண்டனுக்குத் தந்தி அனுப்பினார். அத்தந்தியை மந்திரிசபையைக் கலக்காமல் வெளியிட அனுமதித்த இந்தியா மந்திரி எட்வின் மாண்டேகு 1922 மார்ச்சில் பதவி துறக்க நேர்ந்தது. இந்த நகரத்தின் பெயர் நம் ஊர்ச் சந்தைகளிலும் மசூதிகளிலும் அன்று ஒலித்ததை இன்று நினைப்பவர் சிலரே.

ஊருக்குள் திரும்பும் வழியில் மஞ்சள் நிற முகப்புடைய பெரிய யூத ஆலயம் ஒன்று உண்டு. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களுக்கு அடைக்கலம் அளித்த நகரங்களுள் இதுவும் ஒன்று. யோசேஃப் காரோ என்னும் மகாபண்டிதர் தம் பெரிய தர்மசாஸ்திர உரையை 1522-இல் இங்கேதான் எழுதத் தொடங்கினார். 1905-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பதின்மூன்று ஆலயங்களை இழந்த அச்சமூகத்தினர் இதனை எழுப்பினர். 1934-இல் திரேஸில் யூதர்மீது நடந்த தாக்குதல்களால் அவர்களுள் பலர் ஊரைவிட்டு ஓடினர். பின்னும் ஓய்வின்றிக் குறைந்தனர். கூரை விழுந்து பாழான ஆலயத்தை அரசாங்கம் புதுப்பித்து 2015-இல் திறந்தது. தொழுவதற்கு ஊரில் ஜனமில்லை.

மாலையில், 1847-இல் முடிந்த அழகிய கற்பாலத்தின் வழியே மெரிச் நதியைக் கடந்தால் கராஆகாச். 1923-இல் லோஸான் உடன்படிக்கையில், கிரீஸ் யுத்த நஷ்ட ஈடாகத் துருக்கிக்கு விட்டுக்கொடுத்த சிறு நிலத்துண்டு இது. இங்குள்ள பழைய ரயில் நிலையம் இப்போது சர்வகலாசாலையின் கவின்கலைக் கல்லூரி. எல்லைக்கோடு கிழித்தவர்களின் கை போனபடி, இஸ்தான்புல்லிலிருந்து எடிர்னேக்கு வரும் ரயில் கிரேக்க மண்ணுக்குள் புகுந்தே இந்நிலையத்துக்கு வந்தது. 1971-இல் புதுப்பாதை போட்ட பிறகுதான் அந்த அவஸ்தை தீர்ந்தது. பால்கன் முழுவதற்கும் நடுவில் இருந்த நகரம், மூன்று தேசங்களின் விளிம்பில் ஒதுங்கிய மாகாணத் தலைநகராயிற்று. ஐரோப்பாவுக்குச் செல்லும் லாரிகளும் கார்களும் நெடுஞ்சாலையில் கபிகுலே சுங்கச்சாவடியை நோக்கி ஓடிக்கொண்டேயிருக்கின்றன. பெரும்பான்மையோர் ஊருக்குள் திரும்புவதில்லை. ஒரு தினத்தில் பார்க்கக்கூடியதை மாத்திரம் இங்கே சொன்னேன். முராதியா பள்ளிவாசலின் நீல ஓடுகளையும், உஸுன்கோப்ரூவில் 174 வளைவுகளோடு நிற்கும் இரண்டாம் முராத் காலத்துப் பாலத்தையும் காண விரும்புவோர் ஓரிரவு தங்கவேண்டியிருக்கும், அப்படித் தங்குவதே நலம்.